டீசல் காரும் இறங்க வேண்டிய வெயிட்டும்

இன்னைக்குக் குன்னூர்ல இருந்து பக்கத்து வீட்டுக்காரர் கார்ல ஊர் திரும்பினேன். பின் சீட்ல அவரோட மாமியார்; அவங்க தோட்டத்துல இலை பறிக்கிறது அவங்கதான். டிக்கி நிறைய பச்சைத் தேயிலை மூட்டை. விலை விழுந்ததால ஃபேக்டரியில எடுக்காம திருப்பி அனுப்பிட்டாங்க.

"டீசல் வண்டிங்க, மைலேஜே குடுக்க மாட்டேங்குது. ஃபில்டரா, டயர்ல காத்தான்னு புரியலைங்க"ன்னு வழியெல்லாம் புலம்பல்.

மழை புடிச்சுக்கிச்சு. ஏத்தத்துல வண்டி திணறிச்சு. நிறுத்தினார்.

"அத்தை, வெயிட்டு அதிகமா இருக்குது. இந்த ஏத்தம் மட்டும் நடந்து வந்துருங்க."

"சரிங்க மாப்பிள்ளை."

நானும் கதவைத் திறந்தேன். "நீங்க எதுக்குங்க? உக்காருங்க"ன்னார். இறங்கிட்டேன்.

யாரும் வாங்காத இலை கார்ல போச்சு. அதைப் பறிச்ச அந்தம்மா மழையில நடந்தாங்க.

வண்டி தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஸ்டீயரிங் புடிச்சு உக்காந்திருக்கிற வெயிட்டை எப்படிங்க இறக்கறது?