பூஜையன்று திறந்த ஃபைல்

அருப்புக்கோட்டையில் பூட்டு விற்கிற கடைக்காரர்களுக்கெல்லாம் ஹரிஹரசுதனைத் தெரியும். நாற்பது வயதாகிறது. சந்தேகம் அவனுக்கு நடுவில் வந்த வியாதி இல்லை, கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பான். ஒருமுறை பட்டா மாற்ற மனு கொடுக்கத் திருச்சுழி தாலுகா ஆபீசுக்குப் போனவன், ரசீதில் முத்திரை வாங்கியதோடு நிற்காமல், அங்கே சுவரில் தொங்கிய கடிகாரத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். கொடுத்த நேரத்தை நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இத்தனைக்கும் அவன் செய்கிற வேலை சந்தேகப்படாதவனையும் சந்தேகப்பட வைக்கிற வேலைதான். சேலைக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறான். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. கட்டத்தை நிரப்பி நிரப்பி ஒரு மயிலைக் கொண்டுவர நாலு நாள் ஆகும். அதை யாராவது கமுக்கமாக எடுத்துப்போக நாலு நொடி போதும். ஒருவருக்கு வரைந்த கரை இன்னொருவர் சேலையில் வந்துவிட்டால், வரைந்தவனுக்கு ஊரில் அப்புறம் பேர் இருக்காது. ஹரி வரைவதையெல்லாம் வாங்குகிற சேலை முதலாளி சண்முகவேல் அதிகம் பேசாதவர். ஆனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை சொல்லிவிடுவார்.

அதனால் ஹரி காத்தான். காத்துக் காத்து ஆட்களைத்தான் தொலைத்தான். கூட உட்கார்ந்து வேலை பார்த்த அருஞ்சுனை, போனைத் திரைப் பக்கமாகப் பிடித்தார் என்று ஒரு வார்த்தை விட்டான். மனுஷன் அன்றைக்கே பாலவனத்தத்துக்குப் பஸ் ஏறியவர்தான், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மைத்துனன் வீட்டோடும் பேச்சு இல்லை. அதுவும் ஒரு பென் டிரைவால் வந்த வினை. கடைசியில் மிச்சம் இருந்தது இர்பான் ஒருத்தன்தான்.

இர்பான் ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவன். நாலு வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டு வந்து, திருச்சுழி ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். ஹரியின் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்ததும் அவன், பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததும் அவன். பழுதென்றால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். கை வேலை பார்க்கும், வாய் ஊர்க்கதை பேசும். ஹரியின் சந்தேகத்தைக் கேலி பண்ணிவிட்டும் அவனோடு பழக முடிந்த ஒரே ஆள் அவன்தான். “ஏலே, ஒன் நிழலு ஒன் பின்னாலயே வருது பாரு, கேஸு குடு” என்பான். ஹரிக்கும் சிரிப்பு வரும். இர்பானும் போய்விட்டால் தன்னிடம் சிரித்துப் பேச ஊரில் ஆளே இல்லை என்பது ஹரிக்குத் தெரியும். சில நாள் அதை நினைத்துப் பயப்படவும் செய்வான்.

ஆயுத பூஜை வந்தது. ஹரியின் வீட்டில் அப்பா நாகையா இன்னும் தறி நெய்கிறார். வீட்டுக்குள் பேச்சு கன்னடம். நமக்காகத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குத் தறிக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்கும் பொட்டு. அணைத்துப் போட்டுப் பொட்டு வைப்பது பிணத்துக்கு வைக்கிற மாதிரி என்று நாகையா சொல்லுவார். ஆகவே கம்ப்யூட்டரைப் போட்டு, அப்போது வரைந்துகொண்டிருந்த கரையைத் திரையில் வைத்து, ஹரியே சூடம் காட்டினான். பதினோரு மணிக்குச் சண்முகவேல் பட்டறைப் பூஜைக்குக் கிளம்பிப் போய்விட்டான். சூடம் காட்டிய பிறகு ஆயுதத்தைத் தொடக்கூடாது, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் இதைப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வேலைக்கு உட்கார்ந்தவன் ஃபைலின் பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தான். கடைசியாக மாற்றியது பூஜையன்று, மத்தியானம் பன்னிரண்டு பத்து.

பன்னிரண்டு பத்துக்கு அவன் சண்முகவேல் பட்டறையில் பொரி தின்றுகொண்டிருந்தான். யார் தொட்டது? இந்த வீட்டில் பிறந்தவர்கள் பூஜையன்று ஆயுதத்தைத் தொட மாட்டார்கள். அப்படியானால் தொட்டது, பூஜை இல்லாத கை.

மனைவி தேவிபிரியா அடுப்படியில் இருந்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

“பூஜையன்னைக்கு நான் போனப்புறம் யாராச்சும் வந்தாகளா?”

“இர்பான் அண்ணே வந்தாக. வருசா வருசம் வருவாகள்ல? சுண்டல் சாப்ட்டுட்டு, ஒங்களக் கேட்டுட்டுப் போனாக.”

“எங்க உக்காந்தான்?”

“முன் ரூம்லதான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

கம்ப்யூட்டர் இருப்பதும் அந்த முன்னறையில்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஹரிக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது. ஆனாலும் இர்பான் என்கிறபோது மனசு ஒப்பவில்லை. ஆதாரம் வேண்டும். கம்ப்யூட்டரை யார் திறந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது தெரிந்த ஆள் அவனுக்கு ஊரில் ஒருத்தன்தான். அவனுக்கே போன் போட்டான்.

“இர்பானு, ஒரு கஸ்டமரு கேக்காரு. அவரு சிஸ்டத்த யாரோ அவருக்குத் தெரியாமத் தொறந்துட்டாகளாம். எப்படிப் பாக்கறது?”

எந்தக் கஸ்டமர் என்று இர்பான் கேட்கவில்லை. பொறுமையாகச் சொன்னான். “ஃபைல்ல ரைட் கிளிக் குடுத்து பிராப்பர்ட்டீஸ் பாக்கச் சொல்லு, மாத்துன நேரம் இருக்கும். அடுத்து ஈவென்ட் வியூவர்னு ஒண்ணு இருக்கு. சிஸ்டத்த எப்பப் போட்டாக, எப்ப அணைச்சாகன்னு காட்டும். தூரத்துல இருந்து உள்ள வர்ற சாஃப்ட்வேரு எதுவும் கெடக்கான்னு பாக்கச் சொல்லு. என்ன பென் டிரைவு செருகுனாகங்கறதக்கூட அது ஞாபகம் வச்சிருக்கும்லே.” ஒவ்வொன்றையும் எங்கே போய்ப் பார்ப்பது என்று இருபது நிமிஷம் சொல்லிக் கொடுத்தான். ஹரி நோட்டில் எழுதிக்கொண்டான்.

எழுதியதை வரி பிசகாமல் பார்த்தான். பத்து ஐந்துக்குப் போட்டது, அது அவனே. பன்னிரண்டு பதினைந்துக்கு அணைத்தது. வெளியாள் சாஃப்ட்வேர் எதுவும் இல்லை. பென் டிரைவு பட்டியலில் மட்டும் தெரியாத ஒரு பேர் இருந்தது. பூஜைக்கு முந்தின நாள் இர்பான் பழுது பார்க்க வந்தபோது செருகியது அது. முந்தின நாள் செருகியதற்கும் மறுநாள் திறந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று வேறொருவன் கேட்டிருப்பான். சந்தேகக்காரனுக்கோ இரண்டு புள்ளி கிடைத்தால் போதும், கோட்டை அவனே போட்டுக்கொள்வான்.

இதோடு விட்டானா? இனிமேல் யாராவது தொட்டால் தெரியட்டும் என்று கீபோர்டில் முகப்பவுடரைத் தூவினான். சாயங்காலம் பார்த்தால் பவுடர் கலைந்திருந்தது; அவன் சட்டைக் கையிலேயே அது ஒட்டியிருந்ததைக் கவனிக்க அரைமணி நேரம் பிடித்தது. அடுத்து, சீப்பிலிருந்து ஒரு நீள முடியை எடுத்து சிபியூ மூடியில் குறுக்கே ஒட்டி வைத்தான். வீடு துடைத்த தேவிபிரியா அதைக் கண்டாள்.

“இது யாரு முடி?”

“ஒன் முடிதான்.”

“என் முடிய எதுக்கு ஒட்டி வச்சிருக்கீக? மந்திரம் ஏதும் பண்றீகளா?”

ஒரு நாள் முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் இப்போது சந்தேகப்படுகிறவர்கள் இரண்டு பேர் ஆனார்கள்.

இவ்வளவையும் செய்தவன், அந்த ஃபைலைத் திறந்து கரையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தான், நேரத்தைப் பார்த்தான், தான் வரைந்ததை மட்டும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் இர்பானின் கடைக்குப் போனான். வெயில் தாரை உருக்குகிற நேரம். இர்பான் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். “வாலே” என்றான்.

ஹரி உட்காரவில்லை. “பூஜையன்னைக்குப் பன்னெண்டு பத்துக்கு என் ஃபைலத் தொறந்திருக்கு. அந்நேரம் நீ அங்க இருந்திருக்கே. பாஸ்வேர்டும் ஒனக்குத் தெரியும். யாருக்குக் குடுத்தே?”

இர்பான் திருப்புளியைக் கீழே வைத்தான். முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் ஹரிக்கு லேசாக இருந்திருக்கும்.

“கஸ்டமருன்னு நீ சொல்லும்போதே தெரியும்லே எனக்கு” என்றான். “எல்லாத்தையும் பாத்து முடிச்சா ஒனக்கு மனசு ஆறிரும்னுதான் அம்புட்டு நேரம் நின்னு சொல்லிக் குடுத்தேன்.”

“நான் கேட்டதுக்குப் பதிலு?”

“வீட்டுக்குப் போ, ஹரி.”

திருடனாக இருந்தால்தானே இப்படி மழுப்புவான் என்று நினைத்துக்கொண்டு ஹரி வீடு வந்தான். வந்த சூட்டில் அப்பாவிடம் கொட்டினான். தறியில் உட்கார்ந்திருந்த நாகையா காலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

“பூஜையன்னைக்கா? அதத் தொட்டது நாந்தேன்.”

“நீங்களா? பூஜையன்னைக்கா?”

“சூடம் காட்டுனதும் வீட்டுக்குப் பெரியவன் தறியில ஒரே ஒரு இழை ஓட்டிட்டுத்தான் கும்பிட்டு நிறுத்தணும். இல்லேன்னா வருசம் பூராத் தறி மூளியா நிக்கும். தெரியும்ல? தறிக்கு ஓட்டுனேன். இதுவும் ஒனக்குத் தறிதானடா. இதுக்கு யாரு ஓட்டுவா? அதான் அந்த மவுஸப் புடிச்சு அடியில ஒரு கோடு இழுத்தேன். அணைக்கும்போது சேமிக்கவான்னு கேட்டுச்சாம், ஒன் பொண்டாட்டி ஆமான்னு அமுக்குச்சு.”

ஹரி ஓடிப்போய் ஃபைலைத் திறந்தான். கரையின் அடியில், மயிலின் கால்களுக்குக் கீழே, நடுங்கி நடுங்கிச் சிவப்பாக ஒரு வரி. நாலு நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான்.

பின்னாலேயே வந்த நாகையா சொன்னார். “எனக்கு மவுஸு புடிபடல. இர்பான்தேன் பக்கத்துல நின்னு, இப்படி அமுக்குங்க மாமான்னு வாயால சொன்னான். நீ தொடேன்டான்னேன். இன்னைக்கு நான் தொடக்கூடாது மாமா, நீங்களே இழுங்கன்னுட்டான்.”

பூஜை இல்லாத கை என்று எந்தக் கையை நினைத்தானோ, அந்தக் கைதான் பூஜைக்கு மரியாதை கொடுத்து விலகி நின்றிருக்கிறது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் திருச்சுழி ரோட்டுக்குப் போனான்.

“அப்பாதான்னு ஒனக்குத் தெரியும்ல? ஏன்டா சொல்லல?”

“நீ எங்க கேட்ட? நீ சொல்லத்தான வந்த.”

“தப்புத்தான்டா. மன்னிச்சிரு.”

“விடுலே” என்று சிரித்தான் இர்பான். டீ வாங்கிக் கொடுத்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம் என்கிற பழமொழியின் மறுபாதி ஹரிக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. தப்பித்தோம் என்று நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திரை நீலமாகிக் கிடந்தது. போன் போட்ட கால்மணி நேரத்தில் இர்பான் வந்துவிட்டான். ஹரி எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான்.

“இல்ல, நீயே உக்காரு” என்றான் இர்பான். “நான் சொல்றேன், நீ அமுக்கு.”

விளையாடுகிறான் என்று ஹரி நினைத்தான். இர்பான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். “அணைச்சுப் போடு. இப்ப எஃப் எட்டு. ரெண்டாவது வரி. எஸ் குடு. நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் குடு.” இதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஊர்க்கதை இல்லை, கேலி இல்லை.

“நீ பாருடா” என்றான் ஹரி. எழுந்து நாற்காலியைத் திரும்பவும் அவன் பக்கம் தள்ளினான். “ஒன் கை பட்டாத்தான் சரியாகும்.”

“வேணாம் ஹரி. நான் தொட்டுட்டுப் போனா ஒனக்குத் தூக்கம் வராது.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நண்பனின் உடம்புக்கு ஆகாததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். முக்கால் மணி நேரத்தில் மயில் திரைக்குத் திரும்பி வந்தது. தேவிபிரியா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நாகையாவின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டு, இர்பான் கிளம்பிப் போனான்.

அதற்கப்புறமும் கூப்பிட்டால் வருகிறான். வந்து நிற்கிறான், சொல்கிறான், போகிறான். அந்தக் கம்ப்யூட்டரில் ஹரிஹரசுதன் கையைத் தவிர வேறு யார் கையும் படுவதில்லை. தேதி பார்க்க வேண்டிய அவசியமே இப்போது அவனுக்கு இல்லை.