பாதி திரும்பிய கை

நாகலாபுரம் பஸ்ஸின் நடத்துனர்தான் செய்தியைச் சொன்னார். "மாட்டாஸ்பத்திரி டாக்டரு சண்முகவேல் அண்ணாச்சி தவறிட்டாவளாம், கேள்விப்பட்டீயளா?" எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கோவில்பட்டியில் இறங்கி நேரே அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. கால்நடை ஆய்வாளராகப் பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் என்ற முறையில், அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கன்று போட முடியாமல் மாடு தவிக்கும் இடத்தில் எப்போதும் கூட்டம் இருக்கும். அவர் சட்டையைக் கழற்றி, வலது கையில் தோள் வரை சோப்பு நுரை பூசிக்கொண்டு, கயிறு வைத்திருப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். "இழுக்கதுக்கு ஊரே நிக்கும். உள்ள திருப்பதுக்கு ஒரு கைதான் போவும்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கன்றின் மூக்கு உள்ளங்கைக்குள் அகப்பட்டதும் கை மெதுவாகச் சுழலும். மடங்கிக் கிடந்த தலை நேராகும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. நாகலாபுரத்துக்குத் தெற்கே, முத்தம்மாள் என்பவரின் மாடு. சைக்கிள் சக்கரத்தில் கரிசல் அப்பிக்கொண்டதால் கடைசி இரண்டு மைல் நடந்தோம். டாக்டரின் கை உள்ளே இருக்கும்போதே மாடு சடாரென்று சாய்ந்தது. அவர் கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது. "வே, கைய இழுத்துராதீரும். மாட்ட எழுப்பும்" என்றார், குரல் உயராமல். மீதி வேலையை நான் செய்தேன். மாடு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கின, முழங்கை நீண்டது. உள்ளங்கை மட்டும் மேலே பார்க்க மறுத்தது. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் புரண்டால்தான் கை திரும்பும், அந்தப் புரளல் நின்றுவிட்டது என்றார் எலும்பு மருத்துவர். கழுகுமலைக் கோயிலில் விபூதி வாங்க அவர் உடம்பையே ஒரு பக்கம் சாய்த்ததைப் பார்த்தேன். அப்படியும் பாதி தரையில் விழுந்தது.

அந்த நாட்களில்தான் மேலதிகாரி ஒருவர் என்னிடம், இவரால் இனி ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்க முடியுமா என்று கேட்டார். "சிரமந்தான் சார்" என்றேன். அவரை மேசை வேலைக்கு மாற்றும் பேச்சு எழுந்தது. அவர் ஆறு மாதம் அவகாசம் கேட்டு எழுதினார். பிறகு தினமும் காலையில், துண்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுத்தியலின் கைப்பிடி நுனியைப் பிடித்து இடமும் வலமும் சாய்த்தபடி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார். துண்டு விழுந்தால், முன்கைக்குப் பதிலாகத் தோள் அசைந்து திருட்டுத்தனம் செய்கிறது என்று அர்த்தமாம். ஆறு மாதத்தில் பாதித் திருப்பம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மேசை வேலைப் பேச்சு அதோடு அடங்கியது.

மறு வருஷம், மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று முத்தம்மாள் மறுபடி வந்து நின்றார். அங்கே போய் மாட்டைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார்: "தாயி, எங் கை பாதிதான் திரும்புது. வேற டாக்டருக்குச் சொல்லி விடட்டா?"

"அவிய வாரதுக்குள்ள எம் மாடு செத்துரும். நீங்களே பாருங்கய்யா."

மாட்டை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். அதன் பின்னால் ஈர மண்ணில் அவர் மல்லாந்து படுத்தார். கை திரும்பாத மீதிக்கு உடம்பைத் திருப்பினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கன்று உயிரோடு விழுந்து தும்மியது. முத்தம்மாள் அழுதார்.

கிணற்றடியில் அவர் முதுகுச் சேற்றைக் கழுவிவிடும்போது, மேலதிகாரியிடம் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்வே. நெசத்தத்தான சொன்னீரு. எங்கிட்டயும் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

இப்போதும் எந்த ஊரில் மாடு பார்க்கப் போனாலும், என் கையால் எது ஆகாது என்பதை அந்த வீட்டாரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.