பெர்னி விட்டுப்போன ஓட்டம்

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் நெவிலின் வீட்டுப் பின்னறையில் ஒரு கணினி இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊர் வெக்கையில் அது சூடேறிச் சுணங்கும். அதனால் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, எதிரே தன் மேசை விசிறியை வைத்திருந்தான். அவன் வியர்வையில் படுத்துக்கொண்டான். பைத்தியக்காரத்தனம்தான், யாருக்கு இல்லை?

அது அவன் மனைவி பெர்னியின் ஆராய்ச்சிக்காகச் செய்தது. பவளப்பாறைக் கூம்பு நத்தையின் விஷ மூலக்கூறு நரம்பின் வாசலை எப்படி அடைக்கிறது என்று அவள் கணினிக்குள் அசையவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் கணினி பழுதுபார்க்கும் நெவில், தனக்குத் தெரியாததா என்று மெமரியை வாங்கி வாங்கிச் செருகினான்.

"இவ்ளோ மெமரிய வச்சு ஊறுகாயா போடப்போறேன், நெவ்? என் அணுவெல்லாம் ஒரு மூலையில அடங்கிடும். பசங்க கேம் ஆட வாங்குவாங்களே, அந்த கிராபிக்ஸ் கார்டுதான் வேணும்."

வாங்கி வந்தான். ஓடியது, ஆமை வேகத்தில். வாசலும் அதைச் சுற்றிய தண்ணீருமாக அத்தனை அணுக்களுக்கு ஒற்றைக் கார்டு எந்த மூலைக்கு? அலமாரி அலமாரியாகக் கார்டு வைத்திருந்த சூரிச் ஆய்வுக்கூடம் ஒன்று கூப்பிட்டது. ஒரு வருஷம் என்று போன பெர்னி, வருஷங்கள் போயும் வரவில்லை. பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. போன் மட்டும் குறைந்தது.

அவள் இல்லாத வீடு அவனைத் தின்றது. கணினியை அணைக்க மனம் வரவில்லை. ஒருமுறை பல்லி புகுந்து பவர் சப்ளையைக் கருக்கித் தானும் கருகியது. புதிதாக மாட்டி, கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான். வேகமான கார்டும் வாங்கிப் போட்டான். அவள் தொடங்கியதை முடித்துக் காட்டினால் வந்துவிடுவாள் என்று நம்பினான். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மாலை, திரையில் விஷம் வாசலில் போய் அமர்ந்தது. பிறகு நகரவே இல்லை. உடனே அவளுக்குப் போன் போட்டான்.

"பெர்னி, அடைச்சிடுச்சு."

"எது?" சற்றுக் கழித்துத்தான் அவளுக்குப் புரிந்தது. "ஓ, அதுவா? இங்க வந்த முதல் மாசமே பாத்துட்டேனே. கட்டுரையும் வந்தாச்சு. உங்கிட்ட சொல்லலையா?" அவள் குரல் இறங்கியது. "நெவ், அத இன்னுமா ஓடவிட்டிருக்க?"

"சேச்சே. அத அணைச்சு எவ்ளோ நாளாச்சு."

விசிறியின் இரைச்சல் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அறையைவிட்டு வெளியே நடந்தான்.