ரிவர்ஸ்டனுக்கு வழி சொன்னவன்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பாதையோரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்தேன். துரை பங்களாவுக்கு வரும் வெள்ளைக்கார விருந்தாளிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குக் கூட்டிப்போவதும் என் வேலைதான். யாரும் கொடுத்த வேலை இல்லை, எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன். இங்கிலீஷ் பேசுவேன், சிங்களமும் பேசுவேன். மூடுபனி இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது என் காலுக்கே தெரியும். என்னோடு வந்தவர்களில் ஒருவர்கூடத் தொலைந்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் நம் அரசாங்கத்துக்கு உல்லாசப் பிரயாணிகள் மேல் திடீர்க் காதல் வந்தது. கொழும்பில் அதற்கென்று ஒரு காரியாலயம் திறந்தார்கள். காரியாலயத்துக்கு ஒரு பெரியவர், பெரியவருக்கு ஒரு கார். அந்தக் கார் மாத்தளை வரை வரும். அதற்கு மேல் ரோட்டு சரியில்லை என்று றெஸ்ட் ஹவுஸில் பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பிவிடும். மலையைக் கண்ணால் பார்க்காமலே மலைக்குச் சட்டம் போட்ட புண்ணியவான்கள் அவர்கள். இனிமேல் லைசன்ஸ் உள்ளவன்தான் பிரயாணிகளுக்கு வழி காட்டலாமாம். அவன் சட்டையில் பித்தளை வில்லை குத்தியிருக்க வேண்டுமாம்.

எனக்கு அந்த வில்லை வேண்டும் என்று ஆசை வந்தது. அப்படியொரு ஆசை. இந்த நாட்டு முத்திரை அடித்த பொருள் ஒன்றுகூட என் பெயரில் இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டபோது, உன் அப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் அத்தாட்சி எழுதி வைத்தார்கள்? மறுபடியும் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒரு வில்லையாவது கிடைத்தால் நெஞ்சில் குத்திக்கொண்டு மாத்தளை டவுனில் ஒரு தடவை நடக்கலாம் என்று இருந்தது.

நேர்முகப் பரீட்சை மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் காரியாலயத்தில், நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். ரிவர்ஸ்டன் என்பது மலையா, மலையை வாங்கிய வெள்ளைக்காரனா என்று மூன்று பேருக்குமே சந்தேகம். நடுவில் இருந்தவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னைக் குடைந்தார். தண்ணீர் எங்கே கிடைக்கும், லக்கலப் பக்கம் எந்த இடத்திலிருந்து தெரியும், அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் என்ன பூசுவது, எல்லாம் கேட்டார். நானும் மாப்பிள்ளை வீட்டில் பேசுகிறவன் மாதிரி குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பாதையில் குங்குமம் பூசிய ஒரு கல் வரும், அதில் இடது பக்கம் திரும்ப வேண்டும், வலது பக்கம் பள்ளம் என்றேன். அது முனியாண்டிக் கல். எல்லை வெட்டப் போன ஆள் ஒருவன் மூடுபனியில் தொலைந்து மறுநாள் உயிரோடு திரும்பி வந்ததற்காக என் அப்பா நட்டது. அதையும் சொன்னேன். காட்டுக்குப் போகிறவர்கள் அங்கே கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கேட்டார். எழுதிப்போட்டிருக்கிறேன் என்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மற்ற இருவரும் பிஸ்கட்டை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் சம்சாரம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, மொதல்ல பேப்பரக் கேட்டுட்டு அப்புறமா வழியக் கேட்டிருக்கலாம்ல? வழிய வாங்கிக்கிட்டுப் பேப்பரக் கேட்டிருக்காங்க. அவங்க முட்டாளுங்க இல்லீங்க, நீங்கதான்." எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு ஒரு ஜீப் வந்தது. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். முன் ஸீட்டிலிருந்து கொழும்புத் தமிழ் இளைஞன் ஒருவன் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டையில் பித்தளை வில்லை பளபளத்தது. காரியாலயத்துப் பெரியவருக்கு மச்சினன் முறை என்று ஜீப் டிரைவர் எனக்குப் பிறகு சொன்னான். இளைஞன் கையில் காரியாலயம் அச்சடித்த கைப்புத்தகம் இருந்தது. மலைக்கு அவன் வருவது அதுதான் முதல் தடவை.

துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இளைஞன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ரூல்ஸ் என்னன்னா, லைசன்ஸ் இல்லாதவங்க கைடா வர முடியாது. போர்ட்டரா வரலாம். இந்தக் கூடையத் தூக்கிக்கங்க" என்றான். சாப்பாட்டுக் கூடை. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் என் வில்லை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டேன்.

முனியாண்டிக் கல்லுக்குப் போய்ச் சேரும்போது மூடுபனி இறங்கிவிட்டது. இளைஞன் புத்தகத்தைப் பிரித்து இங்கிலீஷில் சத்தமாக வாசித்தான். மன்னர் காலத்து வழிபாட்டுச் சின்னமாம். அதை நட்டு வைத்த மன்னர் கீழே லயத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கல்லைப் படம் எடுத்துவிட்டு, இதை யார் வைத்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என் அப்பா என்றேன். இளைஞன் சிரித்தான். போர்ட்டர்கள் இப்படித்தான் கதை விடுவார்கள் என்று அவளுக்கு விளக்கினான்.

சிரித்த வாயோடு வலது பக்கம் திரும்பினான்.

"தம்பி, இடது" என்றேன்.

"புக்ல வலதுன்னு இருக்கு, மாஸ்டர்."

"அந்தப் புக்கே நான் சொன்னதுதான். நான் இடதுன்னுதான் சொன்னேன். எழுதினவன் காதுல என்ன இருந்திச்சோ."

அவன் அரசாங்கத்தை நம்பினான். இரண்டு எட்டு வைத்ததும் சப்பாத்து வழுக்கி உட்கார்ந்துவிட்டான். அவன் காலில் பட்ட சிறுகல் ஒன்று பள்ளத்தில் உருண்டு போனது. கீழே விழுந்த சத்தம் வரும் வரும் என்று நாலு பேரும் நின்றோம், வரவே இல்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். வெள்ளைக்காரர்கள் என் பின்னால் வந்தார்கள். வில்லை கடைசியில் வந்தது.

கீழே வந்ததும் இளைஞன் பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்தான். மலைக்குப் போனவர்கள் எல்லோருடைய விபரமும் கொழும்புக்குப் போக வேண்டுமாம். வழிகாட்டி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். பக்கத்தில் லைசன்ஸ் இலக்கம், பிறந்த ஊர், பிரஜாவுரிமை என்று கட்டங்கள் இருந்தன, எல்லாவற்றையும் நிரப்பினான். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, போர்ட்டர் என்ற இடத்தைக் காட்டினான்.

அங்கே பெயருக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. கூடை தூக்குகிறவனுக்கு எந்த நாடு என்று அவர்கள் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அரசாங்கம் என்னிடம் எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்ட கையெழுத்து, என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.