உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்

ஐந்தாம் மாதத்திலேயே பிரஷர் நூற்றைம்பது காட்டியது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். முப்பது வருஷமாகத் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏளா, அது நம்மள விடாது" என்று சிரித்தாள். அம்மாவுக்கும் பிரஷர் உண்டா என்று டாக்டர் கேட்டிருந்தார். அம்மாவுக்கு, சித்திக்கு, எங்கள் காலனியில் நாற்பது தாண்டிய பாதிப் பெண்களுக்கு உண்டு. பரம்பரை என்று எழுதிக்கொண்டார். எழுதட்டும். பரம்பரையாக எங்களுக்கு வேறு என்னவெல்லாம் வருகிறது என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் ஏதும் கவலையா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

கவலையே வீடுதான். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. எனக்கு ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிற வேலை. பக்கமாக இருக்கட்டுமென்று டவுனில் வீடு தேடினோம். "எந்த ஊரு?" என்பார்கள். சொன்னால், "ஊருக்குள்ள எந்தத் தெரு?" தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். உடனே வீடு அண்ணன் மகனுக்குப் பேசி வைத்ததாக ஆகிவிடும். நான்காவது வீட்டில் வேறொரு தெருவைச் சொன்னோம். வீடு கிடைத்தது. அதோடு, எங்கள் தெரு தெரிந்துவிடுமென்று சொந்தக்காரர் ஒருவரையும் நாங்கள் வாசல் மிதிக்க விடவில்லை. காலிங் பெல் அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். பால்காரர் அடித்தாலும்தான்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா கெட்டவராக இருந்தால் திட்டித் தொலைத்திருக்கலாம். நண்டு ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவார். வளைகாப்பை இங்கேயே வைப்போம், உங்கள் ஆட்களை வரச் சொல்லுங்கள் என்றார். டாக்டர் கூட்டம் கூடாது என்றுவிட்டார் என்று புளுகினேன்.

ஏழாம் மாதம் கால் வீங்கி எழவே முடியவில்லை. அம்மா வந்தே ஆகவேண்டும். அவளே ஒரு வழி சொன்னாள். "வீட்டு வேலைக்கு வந்தவன்னு சொல்லிரு. எனக்கு என்ன கொறஞ்சிரப் போவுது?" நான் சரி என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கவேண்டும். ஒன்றும் தோன்றவில்லை, மரத்துப்போய்விட்டது.

அம்மா நன்றாகவே நடித்தாள். கதவு திறந்திருந்தால், "மாத்திரை போட்டீங்களாம்மா?" சாத்தியதும், "முழுங்கு மூதி." நான் அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடாமலே சமாளித்தேன். வீட்டுக்காரம்மா அவளுக்குத் தனி டம்ளரில் காப்பி தருவார். குடித்துவிட்டு அவளே கழுவிக் கவிழ்த்து வைப்பாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் பிரஷர் நூற்றெழுபது. உப்பில்லாக் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் கண் இருட்டி விழுந்தேன். கணவர் கிரேன் மேலே இருந்தார். வீட்டுக்காரம்மாதான் ஆட்டோ பிடித்து, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. மூச்சு போதவில்லை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். ஒரு ஆள் மட்டும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றாளாம் நர்ஸ். அம்மாவைப் பார்த்து, "நீங்க சொந்தமா?" என்று கேட்டிருக்கிறாள்.

பக்கத்தில் வீட்டுக்காரம்மா நின்றார். பிள்ளையோடு நாங்கள் திரும்பிப்போக அந்த வீடு வேண்டுமே என்று அம்மா நினைத்தாளாம். "இல்லம்மா, நான் வேலைக்காரி" என்றாள். வீட்டுக்காரம்மா உள்ளே போனார்.

பிள்ளை இரண்டு மணி நேரம் இருந்தது. கணவர் வந்து சேர்வதற்குள் துணியில் சுற்றிவிட்டார்கள்.

வீட்டைக் காலி செய்துவிட்டுக் காலனிக்கே வந்துவிட்டோம். இப்போது கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டும் பிரஷர் நூற்றிருபதுதான். அம்மாதான் எப்போதாவது கேட்கிறாள்.

"ஏளா, பிள்ள கண்ணு முழிச்சுப் பாத்துச்சா?"

எனக்குத் தெரியாது, நான் மயக்கத்தில் கிடந்தேன். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்காரம்மாவைத்தான் கேட்கவேண்டும்.