எண்ணெய் அளவு கூடியபோது

திகாம் பத்து என்ற சிற்றூரில் இருக்கிறோம். தினமும் காலையில் காரை எடுக்கும் முன் எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்ப்பது என் வழக்கம். சென்ற மாதம் அந்த அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போனது. நிறமும் பால் கோப்பிபோல் வெளுத்திருந்தது. என்னைத் தவிர அவ்வப்போது என் காரை எடுப்பவர் மருமகன் மட்டுமே. காரில் எதையோ பழுதாக்கிவிட்டு, அதை மறைக்க மலிவான எண்ணெயை ஊற்றுகிறார் என்று முடிவு கட்டி, சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுவாரம் மனைவிக்கு அலோர் ஸ்டார் நகரில் கண் அறுவை சிகிச்சை. காரை முடுக்கியதும் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது. மருமகன் ஓடிவந்தார்.

"மாமா, எஞ்சின அடைங்க!"

"என்னத்த ஊத்துனீங்க மாப்பிள்ள, அத மொதல்ல சொல்லுங்க."

"நானா? எங் காடிக்கே எஞ்சின் மின்யாக் ஊத்த மறந்துடுவேன் லா!"

நான் எஞ்சினை நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் பாதிகூட இல்லை.

"இங்க இருந்த தண்ணிதான் மாமா எண்ணெய்ல கலந்திருக்கு."

அவர் காரிலேயே மருத்துவமனைக்குப் போனோம். பிறகு பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது, தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. தண்ணீர் கலந்த எண்ணெய் வழுவழுப்பை இழந்ததால், பேரிங்குகளில் நகத்தால் கீறியதுபோல் கோடுகள். நெடுஞ்சாலையில் ஏறியிருந்தால் எஞ்சின் நடுவழியில் இறுகி நின்றிருக்குமாம்.

இப்போது எண்ணெயின் அளவோடு அதன் நிறத்தையும், எஞ்சின் சூடேறும் முன்பே ரேடியேட்டர் தண்ணீரையும் பார்க்கிறேன். ஏதாவது மாறியிருந்தால் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகப்படுகிறேன். மருமகனை அதற்குப் பிறகு.