சோலார் வீட்டில் கரண்ட் போன நாள்

எங்கள் மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்ட நாளிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே ஊருக்கே கரண்ட் போனாலும் எங்க ஊட்டுல போகாதுங்க" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். போட்டுக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். வெயில் அடித்தால் கரண்ட் வரும், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை நடத்தி, அதை விற்றுவிட்டு அயோத்தியாப்பட்டணத்துக்குக் குடிவந்தவர்கள் நாங்கள். கரண்டைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா என்ற நினைப்பு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நிறையவே இருந்தது.

அடுத்த வீட்டுப் பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அவள் போகும் மாதா கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் திருவிருந்து, வாங்கும் ஒரு சிறுமிக்காக இரண்டடுக்கு கேக் கேட்டிருந்தார்கள். அவளுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். கேக்கைக் கொடுக்கவேண்டிய நாளில் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. முந்தின இரவே சுட்டு வைத்துவிடலாமா என்று யோசித்தாள். "எதுக்குச் சாமி தூக்கத்தைக் கெடுத்துக்கற? ஓவனைத் தூக்கிட்டு எங்க ஊட்டுக்கு வா" என்றேன். நம்பி வந்தாள்.

முட்டை அடித்து, மாவைக் கலந்து அவள் நிமிர்ந்தபோது மணி ஒன்பது, ஓவன் விளக்கு அணைந்தது. ஃபேனும் நின்றது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சுவரில் சோலார் பெட்டி சிவப்பாகக் கண்ணைச் சிமிட்டியது. போட்டுக்கொடுத்தவரை போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பேட்டரி வெச்சது வேறங்க, உங்களுது வேற. லைன்ல கரண்ட் இல்லீன்னா இதுவும் தானா நின்னுரும். அன்னைக்கே சொன்னமே."

சொல்லியிருப்பார். அன்றைக்கு நாங்கள் இருவரும் பேனலைப் படம் பிடித்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தோம்.

அவள் என்னைத் திட்டவில்லை. "பரவால்லக்கா" என்றாள், மாவுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

என் வீட்டுக்காரர் அதற்குள் பின்பக்கம் போய், பண்ணையில் ஓடிய பழைய ஜெனரேட்டரை இழுத்து வந்துவிட்டார். கூடவே இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகி, மறுமுனையைச் சுவர் பிளக்கில் செருகினால் கட்டடம் முழுக்க கரண்ட் ஓடும். பண்ணையில் கரண்ட் போகும்போதெல்லாம் அவர் செய்த வேலைதான்.

"பத்தே நிமிஷம், ஓவன் ஓடும் பாரு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கரண்ட் சீக்கிரமே வந்துவிடுமா என்று கேட்கத் தெருமுனைக்கு நடந்தேன். அங்கே கம்பத்தின் மேலே மின்வாரியக்காரர் ஒருவர் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட வயது குறைந்தவர், தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"அஞ்சு மணி ஆயிடும்மா" என்றார். "சோலார் ஊடு உங்களுதுதானே? கரெக்டா நின்னுச்சா?"

"அது எதுக்குங்க நிக்கோணும்? இத்தனை வெயில் அடிக்குது" என்றேன் எரிச்சலோடு.

"நிக்கலைன்னா உங்க ஊட்டுக் கரண்டு இந்தக் கம்பி வழியா எங்கிட்டத்தாம்மா வரும். சோலார் பரவால்ல, அதுவா நின்னுடும். ஜெனரேட்டர் ஒயரைப் பிளக்குல சொருகறாங்க பாருங்க, அவங்களுக்குத்தான் பயப்படறோம்."

நான் ஓடிப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஓடினேன். ஒயரின் ஒரு முனை சமையலறைப் பிளக்கில் இருந்தது. மறுமுனையும் செருகியாகிவிட்டது. என் வீட்டுக்காரர் குனிந்து ஜெனரேட்டரின் கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

"மெயினை அணைச்சீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அணைத்திருந்தால் கரண்ட் எங்கள் வீட்டோடு நின்றிருக்கும். அவசரத்தில் மறந்துவிட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கேக்கை கேஸ் அடுப்பில், பெரிய அண்டாவில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் வைத்துச் சுட்டோம். எங்கள் வீட்டில் ஒரு அடுக்கு, அவள் வீட்டில் ஒரு அடுக்கு. மேலே லேசாக வெடித்திருந்ததை க்ரீம் மறைத்தது. சாயங்காலம் வந்தவர்கள் சந்தோஷமாக வாங்கிப் போனார்கள். அவளும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

என் வீட்டுக்காரர் அன்று மதியம் சாப்பிடவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து அந்த ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். கோபம் தீரட்டும் என்று விட்டுவிட்டேன். கோபம் இல்லை என்பது அவர் பேசியபோதுதான் புரிந்தது.

"பண்ணையில எத்தனை வருஷம் இதைப் போட்டிருக்கறேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் மெயினை அணைச்சனான்னு ஞாபகமே வரமாட்டேங்குது."